மேலவீடும் கீழவீடும்

என் மனைவி நாச்சியார் இறந்ததற்குக் காரணம் என்று மருத்துவமனை எழுதித் தந்தது: இதயத் துடிப்பில் ஏற்பட்ட கோளாறு. அது பொய்யில்லை. ஒருத்தியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, நீரில் மூச்சடைத்து இறந்தாள் என்று எழுதினால் அதுவும் பொய்யில்லைதான்.

அவள் நெஞ்சில் ஒரு பேஸ்மேக்கர் இருந்தது. சில வருடங்களாக ஒழுங்காக வேலை செய்தது. ஒருநாள் காலை தோசை சுட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"உக்காந்துதான் இருக்கேன். ஆனா ஓடுத மாதிரி இருக்கு" என்றாள்.

கருவி தேவையில்லாமல் இதயத்தை விரட்டிக்கொண்டிருந்தது. சின்ன விஷயம். நெஞ்சின் மேல் ஒரு வட்டை வைத்து, பக்கத்திலிருக்கும் பெட்டியில் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். டாக்டர் வட்டை வைத்தார். பெட்டியின் திரையில் ஒரு வரி வந்தது. 'இந்தச் சூழலில் இக்கருவியைத் திறக்க அனுமதி இல்லை.' பெட்டியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். அதே வரி. டாக்டர் இளைஞர். நாச்சியார் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு அந்த வரியை வாய்விட்டுப் படித்தாள். கடைப் பலகையோ கல்யாணப் பத்திரிகையோ, எதைக் கண்டாலும் வாய்விட்டுப் படிப்பது அவள் பழக்கம்.

மருந்து ஏற்றினார்கள். காந்தம் வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் வரை ஓடினாள்.

கருவி ஒரு வல்லரசின் தயாரிப்பு. மருத்துவமனையின் கணினிகளும், ஊரின் கோபுரங்களும், அவற்றை இணைக்கும் வலையும் இன்னொரு வல்லரசுடையவை. எங்கள் ஊர் யாருக்கும் எதிரி இல்லை. எது மலிவாகக் கிடைத்ததோ அதை வாங்கிப் போட்டது. பிறகு ஒரு வாரத்தில் இரண்டு ஆணைகள் வந்தன. எதிரியின் வலைக்குள் எங்கள் கருவி திறக்காது என்றான் ஒருவன். எதிரியின் கருவியை எங்கள் வலை அனுமதிக்காது என்றான் மற்றவன். ஒரு நெஞ்சுக்கு இரண்டு பூட்டு.

அந்தப் பூட்டுகள் எங்கே செய்யப்பட்டன என்பது எனக்குத் தெரியும். நானும் நாச்சியாரும் வேலை பார்த்த கட்டடத்தில்.

*

திருநெல்வேலிப் புறவழிச்சாலையில் ஒரு பழைய கல்யாண மண்டபம். அதை லிங்கதுரை அண்ணாச்சி வாங்கி அலுவலகமாக்கினார். தாலி கட்டும் மேடை இருந்த மாடி ஒரு கம்பெனி. கீழ்த்தளம் இன்னொரு கம்பெனி. மாடிக்குப் போகும் வாசல் பெரிய சாலையில். கீழ்த்தளத்துக்கு வாசல் பின்பக்கச் சந்தில். வெவ்வேறு பெயர்ப்பலகைகள். ஆனால் ஜெனரேட்டர் ஒன்று. சாப்பாட்டுக்கூடமும் ஒன்று. முன்பு பந்தி நடந்த அதே கூடம், அதே நீளமான கல்மேசைகள்.

வாடிக்கையாளர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் மாடியில் குடியிருப்பவனை மேலவீட்டுக்காரன் என்போம். எங்கள் தளத்துக்காரனைக் கீழவீட்டுக்காரன் என்போம். மேலவீட்டுக்காரன் பேஸ்மேக்கர் செய்கிறவன். கீழவீட்டுக்காரன் வலை விரித்தவன். இருவரும் வல்லரசுகள்.

இருபது வருடங்களாக அவர்கள் ஒருவர் ஊருக்கு மற்றவர் போவதில்லை. மாணவர்கள் போவதில்லை. எதிரியின் மொழியைக் கற்றுக்கொடுப்பது இரண்டு ஊரிலும் குற்றம். கற்றவர்கள் கிழடாகிச் செத்துப்போனார்கள். எதிரி என்ன நினைக்கிறான் என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அப்போது ஒவ்வொருவனும் ஓர் இயந்திரம் செய்தான். எதிரியின் அரசைப் போலவே யோசிக்கும் இயந்திரம். அதற்கு நிழல் என்று பெயர் வைத்தார்கள். எந்தச் சட்டம் போடுவதென்றாலும், எந்தப் பொருளைத் தடுப்பதென்றாலும், முதலில் நிழலைக் கேட்பார்கள்.

நிழலுக்கு எல்லாம் தெரியும். பயம் மட்டும் தெரியாது. அதற்கு மனிதர்கள் வேண்டும். படித்தவர்கள், இரண்டு பக்கமும் சேராதவர்கள், குறைந்த சம்பளத்துக்கு வருகிறவர்கள். அதாவது நாங்கள்.

திரையில் ஒரு கேள்வி வரும். 'நீங்கள் எதிரி நாட்டின் அரசு. நாங்கள் இன்ன காரியம் செய்கிறோம். உங்களுக்கு எவ்வளவு பயம்?' ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். கீழே ஒரு வரியில் காரணம். மாடியில் இருப்பவர்கள் கீழவீட்டு அரசாக இருந்து பயப்பட வேண்டும். கீழே இருக்கும் நாங்கள் மேலவீட்டு அரசாக.

நான் சேர்ந்தபோது கேள்விகள் விமானந்தாங்கிக் கப்பல்களைப் பற்றி வந்தன. செயற்கைக்கோள், நீர்மூழ்கி, அணு உலை. பிறகு மெல்ல மாறியது. எதிரி தன் வேதியியல் ஆசிரியர்களையெல்லாம் ஆயுதச்சாலைக்கு அனுப்பிவிட்டான், நாங்களும் அனுப்பினால்? எதிரி விளையாட்டு மைதானங்களை உழுதுவிட்டான், நாங்களும் உழுதால்? இந்த வருடம் பாதிக் கேள்விகள் உருளைக்கிழங்கைப் பற்றி. ஒருவன் தன் ஊரில் விளக்கை அணைத்தால் மற்றவனும் அணைத்தான். ஒருவன் பள்ளியில் கவாத்து வைத்தால் மற்றவனும் வைத்தான். இரண்டு ஊரிலும் பாலங்கள் விழுந்தன. பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஏவுகணைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் எந்தச் செய்தித்தாளும் எங்களுக்குச் சொல்லவில்லை. கேள்விகளே சொல்லின.

எண் போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. குறைத்துப் போட்டு, பிறகு எதிரி ஏதாவது செய்துவிட்டால், போட்டவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். வேலை போகும். கூட்டிப் போட்டு ஒன்றும் நடக்காவிட்டால் யாரும் கேட்பதில்லை. ஒன்றும் நடக்காததற்கே அந்தப் பெரிய எண்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே பந்தி மேசையில் ஒரு வழக்கம் உண்டானது. இலையில் ரசம் விழும் நேரத்தில் மாடிக்காரர் கேட்பார்:

"கீழ எத்தனை போட்டிய?"

"ஆறு."

"அப்ப நாங்க ஏழு."

மறுநாள் அந்த ஏழு என்பதைக் கேட்டு நாங்கள் எட்டு. யாரும் கெட்டவர்கள் இல்லை. கூட்டுக்காய் மாற்றிக்கொள்வதைப் போல எண்ணையும் மாற்றிக்கொண்டார்கள். எதிரியின் மனதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். எதிரியின் மனதாக வேலை பார்க்கிறவர் எதிரில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருக்கும்போது, அவரையே கேட்டுவிடலாம்.

நாச்சியார் மாடியில் வேலை பார்த்தாள். அந்த மேசையில்தான் அவளை முதலில் பார்த்தேன். ஊறுகாய்ப் பாக்கெட்டின் பின்பக்கத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

*

நாச்சியாருக்குப் பக்கத்து இருக்கை செய்யது மைதீன். மேலப்பாளையத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒருமுறை அலுவலகப் படிக்கட்டில் மயங்கி விழுந்தபோது நாச்சியார்தான் அவரைத் தன் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவருக்கும் அதே கருவியைப் பொருத்தினார்கள். அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் 'உறவுக்காரங்க' என்று சொல்லிக்கொள்வார்கள்.

அவள் காரியங்கள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம், மைதீன் மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். தட்டைத் தொடவில்லை.

"மாப்ளே, ஒண்ணு சொல்லுதேன். ரஹ்மத்துக்கிட்ட சொல்லிராத" என்றார். ரஹ்மத்து அவர் மனைவி.

"சொல்லுங்க அண்ணே."

"நேத்து தொழுகையில நிக்கேன். நெஞ்சு மட்டும் தனியா ஓட்டம் எடுக்குது. அரைமணி நேரம். பொறவு தானா நின்னுட்டு."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"டாக்டர்ட்ட போனியளா?"

"போனேன். அந்தச் சின்னப் பையன்தான். வட்ட வச்சான். அதே வரி. அவன் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. கருவிய எடுத்துட்டுக் கீழவீட்டான் கருவிய வைக்கணுமாம். அதுக்குப் பேரு எழுதி வச்சிருக்கு. அங்க பேக்டரியில கரண்டு இல்லையாம், எப்ப வரும்னு தெரியாதாம். அடுத்த தடவ ஓடுனா நிக்குமோ நிக்காதோன்னான்."

"வெளிநாடு?"

"எனக்கு எவன் விசா தருவான்? நான் ரெண்டு பேருக்கும் ரகசியம் தெரிஞ்ச ஆளு" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பூட்டுப் போடுத கேள்வி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? இதயக் கருவி, எதிரி வலை, எவ்வளவு பயம்னு. நான் எட்டு போட்டேன் மாப்ளே. கீழ ஏழுன்னாங்க, நான் எட்டு. என் நெஞ்ச நானே பூட்டிருக்கேன்."

நாச்சியார் எத்தனை போட்டாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அவள் இறந்ததிலிருந்து எதுவும் வரவில்லை. அன்றுதான் முதல்முறையாக ஒன்று வந்தது. கோபம். அது வந்தபோது நான் யார் என்பதே எனக்கு ஞாபகம் வந்தது.

"அந்தப் பூட்ட வருசத்துக்கு ஒருதரம் திரும்பப் பாப்பாங்கல்லா?" என்றேன்.

"இந்த வாரம்தான். கேள்வி வரும்."

"ரெண்டு தளத்துக்கும்?"

"ரெண்டுக்கும்."

நான் எழுந்து நின்றேன். மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மனைவியை இழந்தவன் எழுந்து நின்றால் எல்லாரும் வாயை மூடிவிடுகிறார்கள். அதை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

"நாளைக்கோ மறுநாளோ பேஸ்மேக்கர் கேள்வி வரும். பூட்ட எடுத்தா எவ்வளவு பயம்னு கேப்பான். மேலேயும் கீழேயும் எல்லாரும் ரெண்டு போடுங்க. ரெண்டுக்கு மேல எவனும் போடக் கூடாது. பயமே இல்லன்னா பூட்டு எதுக்குன்னு எடுத்துருவான்."

என் தளத்தில் மூத்தவர் எஸ்தர் அக்கா. அவர்தான் பேசினார்.

"தம்பி, ரெண்டு போட்டா என்னக் கூப்பிட்டு விசாரிப்பான். என் பையன் இப்பதான் காலேஜ் சேந்துருக்கான்."

"ஒருத்தர் போட்டா விசாரிப்பான்க்கா. எல்லாரும் போட்டா?"

"எல்லாரையும் விசாரிப்பான்" என்றது யாரோ ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

மைதீன் எழுந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். தழும்பு தெரிந்தது.

"நான் செத்தா பிரியாணி கெடையாதுடே. வெறும் டீயும் பிஸ்கோத்தும்தான். யோசிச்சுக்கிடுங்க."

எஸ்தர் அக்கா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சட்டைய மாட்டும்வே. சாப்பிடுத எடம்" என்றார். "சரி. ரெண்டு."

*

கேள்வி வியாழக்கிழமை வந்தது. எல்லாரும் இரண்டு போட்டார்கள். காரணம் என்ற இடத்தில் ஒவ்வொருவரும் தெரிந்ததை எழுதினார்கள். 'நோயாளிகளால் ஆபத்து இல்லை.' 'எதிரியும் மனிதன்தான்.' எஸ்தர் அக்கா 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று எழுதிவிட்டு, மேலவீட்டு அரசு அப்படிச் சொல்லாது என்று அழித்தார்.

மதியத்துக்குள் லிங்கதுரை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

அவர் அறை முன்பு மணமகள் அறை. சுற்றிலும் விளக்கு வைத்த பெரிய கண்ணாடி இன்னும் சுவரில் இருக்கிறது. அதன் முன் உட்கார்ந்துதான் கணக்குப் பார்ப்பார்.

"ஏ ஆவுடை, தொழில்ல கை வைக்கலாமாடே?" என்றார். கோபமாக இல்லை. சோர்வாக இருந்தார். "ரெண்டு வாசலுக்கும் ஒரே நேரத்துல போன். மேலயும் ரெண்டு, கீழயும் ரெண்டு. கல்யாண வீட்ல பேசி வச்சு மொய் எழுதுன மாதிரி."

"அப்ப ரெண்டும் ஒரே கட்டடம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நாலு வருசமாத் தெரியும்டே. ரெண்டு பேருக்கும்."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"வானத்துல இருந்து ஆட்டுக்குட்டிய எண்ணுதவன். ஒரே ஜெனரேட்டர்ப் பொகைய பாக்க மாட்டானா? எனக்கும் நீ நிக்க மாதிரித்தான் இருந்துச்சு. தொலைஞ்சோம், ஜெயிலுன்னு நெனச்சேன். மேலவீட்டாளு போன் பண்ணி, அடுத்த மூணு வருசத்துக்கு ஒப்பந்தம் போட்டான். அடுத்த வாரம் கீழவீட்டாளும்."

"ஏன்?"

"நீயே கேளு. ஒன்னோட பேசணும்னு காத்துக்கிட்டு இருக்கா."

கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த திரையில் ஒரு பெண் தெரிந்தாள். கீழவீட்டு அதிகாரி. ஐம்பது வயது இருக்கலாம். அறைக்குள் உட்கார்ந்திருந்தும் கம்பளிக் கோட்டும் கையுறையும் போட்டிருந்தாள். மேசையில் அவித்த உருளைக்கிழங்கு ஒன்று, பாதி கடித்தது. பின்னால் ஜன்னலில் நகரம் இருட்டாக இருந்தது. அவள் பேச, மொழிபெயர்ப்புக் குரல் உணர்ச்சியில்லாத தமிழில் சொன்னது.

"திரு ஆவுடையப்பன். தாங்கள் அளித்த எண் இரண்டு. அதை எங்களால் ஏற்க இயலாது."

"ஏன்?"

"எண் இரண்டு என்றால் எதிரி எங்களைக் கண்டு அஞ்சவில்லை என்று பொருள். அஞ்சவில்லை என்றால் எங்கள் துறை எதற்கு என்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எங்கள் மக்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்பதற்கு நாங்கள் வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்."

"எதிரி ஒருத்தனே கெடையாதும்மா. மேல பதினெட்டுப் பேரு, கீழ இருபது பேரு. ஒரே சாம்பாரு. நாங்க போடுதோம், அதப் பாத்து அவங்க போடுதாங்க. ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் உருளைக்கிழங்கை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"எங்களிடம் வேறு எதுவும் இல்லை" என்றது குரல். "எங்கள் நாட்டில் அவர்கள் நாட்டைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இப்போது பணியில் இல்லை. தாங்கள் சொல்வது மட்டுமே இருக்கிறது. அவர்களுக்கும் அப்படியே." பிறகு அவள் கேமராவை நோக்கிக் குனிந்தாள். "ஒன்று கேட்கலாமா. இது கேள்விப் பட்டியலில் இல்லை. மாடியில் இருப்பவர்கள் தங்களிடம் ஏதாவது சொன்னார்களா? அங்கே இரவில் விளக்கு எரிகிறதா?"

அந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் இளக்கியிருக்க வேண்டும். இளக்கவில்லை.

"ஒங்க பூட்டால என் சம்சாரம் செத்துட்டா" என்றேன். "நெஞ்சுல இருந்த கருவியத் தெறக்க முடியாம. டாக்டர் பக்கத்துல நிக்கும்போதே."

குரல் அதை அவள் மொழியில் சொன்னது. அவள் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

"வருந்துகிறேன்" என்றது குரல். "அது எந்தக் கேள்வியின் விளைவு? வாரம் சொன்னால் தேடித் தரலாம்."

லிங்கதுரை அண்ணாச்சி என் தோளைப் பிடித்து அமுக்கினார். இல்லையென்றால் நான் அந்தக் கண்ணாடியை உடைத்திருப்பேன்.

"கேள்வி நாளை மீண்டும் அனுப்பப்படும்" என்றது குரல். "ஆறுக்குக் குறையாத எண்ணை எதிர்பார்க்கிறோம்."

திரை அணைந்தது. அவள் ஊரில் மின்சாரம் போயிருக்கலாம்.

*

அன்று நடந்தே வீட்டுக்குப் போனேன். புறவழிச்சாலை நெடுக லாரிகள். அவர்கள் இருவரையும் நான் நினைத்துக்கொண்டே போனேன். இருட்டு வீட்டில் உட்கார்ந்து அடுத்த வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பவர்கள். எரியக் கூடாது. அல்லது எரிந்தால் தங்கள் வீட்டிலும் எரிய வேண்டும். வேறு எந்த ஆசையும் அவர்களுக்கு மிச்சமில்லை. படிப்பு, பாலம், சாப்பாடு எல்லாவற்றையும் எதிரியைப் பார்த்தே செய்தவர்கள், எதிரியைப் பார்த்தே நாசமாகவும் போகிறார்கள். போகட்டும். போகிற வழியில் என் அடுப்படிக்குள் ஏன் வந்தார்கள்?

தெருமுனைக்கு வரும்போது எனக்கு வழி தெரிந்தது.

மறுநாள் காலை கேள்வி வருவதற்கு முன்பே இரண்டு தளத்தையும் பந்தி மேசைக்குக் கூப்பிட்டேன்.

"பத்து போடுங்க" என்றேன்.

மைதீன் என்னைப் பார்த்தார். "மாப்ளே, ஒனக்கு எம்மேல என்ன கோவம்?"

"எண்ணு பத்து. ஆனா காரணம் நான் சொல்லுதத எழுதுங்க. 'எதிரி நமக்கு முன்னால பூட்டத் தெறந்துருவான். தெறந்தா எல்லா நாட்டு ஆஸ்பத்திரியும் அவன் பக்கம் போயிரும். நாம பின்தங்கிருவோம்.' மேலயும் இதுதான், கீழயும் இதுதான்."

எஸ்தர் அக்காதான் முதலில் புரிந்துகொண்டார்.

"ரெண்டு பேரையும் பந்தயத்துல விடச் சொல்லுத."

"ஆமா. அன்பச் சொன்னா திருப்பி அனுப்புதான். பயத்தச் சொன்னா வாங்கிக்கிடுவான்."

"பத்துன்னா பிரச்சினையே இல்லயே தம்பி" என்றார் அவர். "பத்து போட்டு இந்த ஆபீஸ்ல எவனுக்கும் வேலை போனதில்ல."

எல்லாரும் பத்து போட்டார்கள்.

பூட்டு அடுத்த வாரம் திறந்தது. முதலில் மேலவீட்டான். மறுநாளே கீழவீட்டான், தான் இன்னும் அகலமாகத் திறப்பதாக அறிவித்துக்கொண்டு.

மைதீனுடன் நானும் மருத்துவமனைக்குப் போனேன். அதே அறை, அதே இளைஞர். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. வட்டை வைத்தார். பெட்டியின் திரையில் எந்த வரியும் வரவில்லை. எண்கள் வந்தன. ஒரு பொத்தானைச் சிலமுறை அழுத்தினார்.

"அவ்வளவுதான்" என்றார்.

மைதீன் நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்தார். ரஹ்மத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். வாங்கி வைத்திருந்த டீ இன்னும் சூடாக இருந்தது. அவ்வளவுதான். ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் முடிகிற வேலை. அதற்கு ஒரு பெண் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடினாள். டீயைச் சாக்கடையில் ஊற்றினேன்.

*

அதற்குப் பின் பந்தி மேசையில் எனக்கு மரியாதை கூடியது. மைதீன் தினமும் தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு துண்டு கறியை என் தட்டில் வைத்தார். வேண்டாம் என்றால், "இது ஒனக்கில்ல, என் உறவுக்காரிக்கு" என்பார்.

பந்தயம் நிற்கவில்லை. பூட்டைத் திறந்தவர்கள், இலவசமாகக் கருவிகளை அனுப்பத் தொடங்கினார்கள். தங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் இல்லாதவர்கள், எங்கள் ஊருக்குக் கப்பல் கப்பலாக இதயக் கருவி அனுப்பினார்கள். மாவட்டத்தில் தேவையுள்ளவர் எல்லாருக்கும் பொருத்தினார்கள். ஒன்று மேலவீட்டுடையது என்றால் அடுத்தது கீழவீட்டுடையது. செய்தியில் அதைப் பெருந்தன்மை என்றார்கள்.

மழை தொடங்கிய மாதம் ஒரு காலை, என் திரையில் இந்தக் கேள்வி வந்தது.

'நீங்கள் எதிரி நாட்டின் அரசு. உங்கள் கருவிகள் பல நாடுகளில் மக்களின் நெஞ்சில் உள்ளன. அவை இப்போது எங்கள் வலையில் திறந்த நிலையில் உள்ளன. நாங்கள் ஒரு மாவட்டத்தில் மட்டும், சோதனையாக, அவற்றை நிறுத்திக் காட்டினால் உங்களுக்கு எவ்வளவு பயம்?'

மறுபடி படித்தேன். தேவையுள்ள எல்லார் நெஞ்சிலும் இருவர் கருவியும் இருப்பது எங்கள் மாவட்டத்தில்தான். பக்கத்தில் எஸ்தர் அக்கா திரையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அவர்களுக்கும் வந்திருக்க வேண்டும், வீட்டுப் பெயரை மட்டும் மாற்றி.

பத்து போட்டால் செய்வான். பயம் பலிக்கும் என்று தெரிந்தால் செய்யாமல் இருக்க மாட்டான். ஐந்து போட்டாலும் செய்து பார்ப்பான். இரண்டு போட்டு, எதிரியும் மனிதன் என்று எழுதினால் திருப்பி அனுப்புவான்.

அவன் அதைச் செய்யாமலிருக்க ஒரே காரணம்தான் இருந்தது. செய்வதில் லாபமில்லை என்று அவன் நம்ப வேண்டும்.

சாப்பாட்டு நேரம் வந்தது. மேசையில் யாரும் எண்ணைக் கேட்கவில்லை. மழை தகரத்தில் அடித்தது. மைதீன் வந்து எதிரில் உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

"எத்தனை போடப்போற மாப்ளே?"

"ஒண்ணு."

"காரணம்?"

சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார். எஸ்தர் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றினார். மைதீன் டிபன் பாக்ஸை மூடினார். பிறகு தண்ணீர் குடித்தார்.

"திருப்பி அனுப்ப மாட்டானா?"

"மாட்டான். இதுல இரக்கம் ஒண்ணும் இல்லயே. அவங்களுக்குப் புரியுத பாஷைதான்."

"சரி" என்றார். "மேலயும் அதையே போடச் சொல்லுதேன். எழுத்து மாறாம." எழுந்து போகும்போது என் தலையில் லேசாகத் தட்டினார். "நெசத்த எழுதுததுக்குச் சம்பளம் தாரது இன்னைக்குத்தாம்டே."

இருக்கைக்குத் திரும்பினேன். எண் என்ற இடத்தில் ஒன்று என்று போட்டேன். கீழே காரணத்தை எழுதினேன். அனுப்பும் முன், நாச்சியார் செய்வதைப் போல, அதை வாய்விட்டுப் படித்தேன். தளத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

'அந்த ஊரில் யார் செத்தாலும் எங்களுக்கு ஒன்றும் இல்லை.'